கோணல் கழனிக்கு நேர்க்கணக்கு

மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணோடு புழங்கியவர்கள். அவர்கள் வாழும் செஞ்சி, திண்டிவனம் பக்கம் நிலத்தைக் காணியில் சொல்லும் வழக்கம் உண்டு: 24 அடிச் சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு காணி, ஏக்கரில் 1.32. கழனி நீள்சதுரமாக இருந்துவிட்டால் நீளத்தை அகலத்தால் பெருக்கிவிட்டு எழுந்து போகலாம். ஏரியும் வாய்க்காலும் எந்தக் கழனியை நேராக விட்டன?

கோணல் கழனிக்கு ஊர்ப்புறத்தில் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்குவது. கயிறு ஒன்றும் நாலு அளவும் போதும். பாகம் பிரிக்கும் இடத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் உடனிருந்து சரிபார்க்கலாம். இது சின்ன நன்மை இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு பக்கமாகவே சாயும். மூலைகள் செங்கோணமாக இல்லாவிட்டால் நிலத்தை எப்போதும் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டவே காட்டாது. நாலு வரப்பும் நூறு அடி, ஆனால் சாய்ந்து கிடக்கும் கழனி. குறுக்கே மூலைக்கு மூலை அளந்தால் அதுவும் நூறு அடி. கைக்கணக்கு 10,000 சதுர அடி என்கிறது. உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு சமபக்க முக்கோணங்கள், சுமார் 8,660 சதுர அடி. மூன்று சென்ட் காற்றில் இருக்கிறது. விற்பவருக்கு இது தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதே விதியை ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் மகாவீராச்சாரியார் என்ற சமணக் கணிதர். இராட்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தவர். இவருடைய கணிதசாரசங்கிரகத்தை ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தது 1912இல், சென்னையில். எனக்கு இந்நூலில் பிடித்தது அதன் நேர்மை. தோராயக் கணக்கைத் தோராயம் என்றே தனியாக வைத்துவிட்டு, நுண்கணக்கை வேறாகத் தருகிறது: வட்டத்துக்குச் சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று மடங்கு என்று ஒரு விதி, நுட்பம் வேண்டுவோர்க்குப் பத்தின் வர்க்கமூல மடங்கு என்று இன்னொன்று. அவரும் சறுக்குகிறார். நாற்கரத்துக்கு அவர் தரும் ‘நுட்பமான’ சூத்திரம் நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்தால் மட்டுமே சரி. அதை அவர் சொல்லவில்லை. நம் சாய்ந்த கழனிக்கு அதுவும் 10,000 என்றே விடை தரும்.

பக்கங்களை மட்டும் வைத்து எந்தச் சூத்திரமும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அதே நாலு வரப்பை எப்படியும் சாய்க்கலாம். குறுக்காக ஓர் அளவு எடுத்து முக்கோணமாக உடைத்தால்தான் நிலம் பிடிபடும். நில அளவைத் துறையின் புலப்படத்தில் குறுக்கே கோடுகள் ஓடுவது இதற்காகத்தான்.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் சிக்கல் வேறு மாதிரி. அரைச் சுற்றை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு: என்றைக்கும் பிசகாத விதி. பலாவின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளை: மரத்துக்கு மரம் ஏமாற்றக்கூடிய விதி. இரண்டும் ஒரே தோரணையில், ஒரே பாட்டுக் குரலில் வருகின்றன. மனப்பாடத்துக்கு இதைவிட வசதி இல்லை. சந்தேகப்பட மட்டும் இடமில்லை.

போதையனார் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் கர்ண விதியும் அப்படித்தான். நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். வர்க்கமூலமே வேண்டாம், பித்தாகரசையே மிஞ்சிவிட்டது என்று பெருமை. 3, 4 போட்டால் 5. 5, 12 போட்டால் 13. கூரைக்குக் கைமரம் வெட்டும் தச்சருக்கு நல்ல கருவிதான்: குட்டைப் பக்கம் நீண்டதில் கால் பங்குக்குக் குறையாதவரை பிழை நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது. 40, 1 என்று போட்டுப் பாருங்கள். கர்ணம் 35½, பக்கத்தைவிடக் கர்ணம் குட்டை!

எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்கப் பள்ளி இயற்கணிதமே போதும். குட்டைப் பக்கத்தை நீண்டதால் வகுத்த விகிதத்தை x என்று வைத்து, இந்த விதியைப் பித்தாகரசு தேற்றத்தோடு சமன்செய்தால் 48x² − 56x + 15 = 0 வரும். தீர்வுகள் இரண்டு: 3/4, 5/12. ஊரெல்லாம் காட்டும் அந்த இரண்டு உதாரணங்களேதான். அவற்றின் மடங்குகளைத் தவிர வேறெங்கும் விதி துல்லியமாகப் பொருந்தாது. பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் தந்தை வயது, மகன் வயதுக் கணக்கு ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போடலாம்.