குவேக்கின் ஒளி: பழைய ஆட்டமும் புதிய திரையும்

1996-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் ‘குவேக்’ என்ற கணிப்பொறி விளையாட்டை வெளியிட்டது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று பரிமாணங்களிலும் அமைந்த ஓர் உலகை, ஆடுபவர் திரும்பும் பக்கமெல்லாம் அந்தக் கணமே வரைந்து காட்டிய முன்னோடி ஆட்டங்களுள் இஃது ஒன்றாகும். இருண்ட கோட்டைகள், தீப்பந்தங்கள், பாசி படிந்த நீர்நிலைகள் ஆகியவை நிறைந்த உலகம் அது. அன்றைய பென்டியம் கணிப்பொறிகள் திணறித் திணறி வரைந்த அந்தக் காட்சியை இன்றைய கணிப்பொறி இமைப்பொழுதில் வரைந்துவிட வேண்டும். ஆனால் நடைமுறையில் நிகழ்வது வேறு. பழைய நிரலை இன்று இயக்கினால் சில வேளைகளில் அது தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. தொடங்கினாலும் அதன் வரைகலைத் தேர்வுகள் பல வேலை செய்வதில்லை.

இக்குறையைப் போக்க இன்று மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் ஆட்டத்தை இயக்கிக் காட்டுகின்றன. ஆனால் மூன்றும் காட்டும் படம் ஒன்றன்று. அவற்றுள் எது 1996-ஆம் ஆண்டின் குவேக்கிற்கு உண்மையாக நடந்துகொள்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலப்படம் எவ்வாறு அமைந்தது?

முதலில் வந்த குவேக்கிற்குத் தனியான வரைகலை அட்டை தேவைப்படவில்லை. கணிப்பொறியின் மையச் செயலகமே ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் கணக்கிட்டது. மொத்தம் 256 நிறங்களே இருந்தன. ஒவ்வொரு நிறமும் ஒளிக்கேற்ப எப்படி மாறும் என்பதற்கு 64 படிகள் கொண்ட ஓர் அட்டவணையை முன்னரே தயாரித்து வைத்திருந்தனர். சுவர்களின் மீது விழும் ஒளியின் அளவு, சுவரின் 16 படப்புள்ளிகளுக்கு ஓர் இடம் என்ற கணக்கில் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. இந்தப் பதிவை ஒளிப்படலம் என்று அழைப்போம்.

இங்கே இரண்டு செய்திகளை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த 64 படிகளில் நடுப்படியே சாதாரண ஒளி. அதற்கு மேலும் படிகள் உண்டு. எனவே தீப்பந்தத்தின் அருகிலுள்ள சுவர், தன் இயல்பான நிறத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வரை ஒளிர முடியும். இதனை மேலொளி என்று குறிப்பிடலாம். இரண்டாவது, 256 நிறங்களுள் கடைசி 32 நிறங்களை இருள் தொடுவதில்லை. விளக்குகளையும் பொறிகளின் ஒளிரும் பலகைகளையும் அந்த நிறங்களால் தீட்டினார்கள். சுற்றிலும் கும்மிருட்டு இருந்தாலும் அவை மங்குவதில்லை.

அட்டை வந்தது, ஒளி குறைந்தது

1997-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ஜிஎல்-குவேக்’ என்னும் பதிப்பு வெளியாயிற்று. த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடு போன்ற முப்பரிமாண அட்டைகளுக்காக எழுதப்பட்டது அது. கட்டங்கட்டமாகத் தெரிந்த சுவர்கள் வழவழப்பாயின. நுணுக்கமும் வேகமும் கூடின. இதைக் கண்டு மகிழாதவர் இலர். ஆனால் அந்த மகிழ்ச்சியில் பலரும் கவனியாமல் விட்ட ஓர் இழப்பு உண்டு.

அட்டையானது சுவரின் நிறத்தையும் ஒளிப்படலத்தின் மதிப்பையும் பெருக்கிப் படத்தை உண்டாக்குகிறது. இரண்டும் 0 முதல் 1 வரையுள்ள எண்கள். ஒன்றுக்கு மேற்படாத இரு எண்களைப் பெருக்கினால், வரும் விடை அவற்றுள் எதனையும் விஞ்ச முடியாது. ஆகவே சுவர் தன் இயல்பான நிறத்தைவிட மிகுதியாக ஒளிர வழியே இல்லாமற் போயிற்று. ஜிஎல்-குவேக் நிரல், சாதாரண ஒளிக்கு மேற்பட்ட மதிப்புகளையெல்லாம் ஒன்று என்றே வெட்டிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு சுவரின் நிறமதிப்பு 100 என்று கொள்வோம். அரை ஒளியில் அது 50 ஆகத் தோன்றும். தீப்பந்தத்தின் அருகில், மூலப் பதிப்பில் அது ஏறத்தாழ 200 ஆகும். ஜிஎல்-குவேக்கில் 100 தான். இருண்ட மூலைக்கும் ஒளிர்ந்த மூலைக்கும் இடையிலுள்ள விகிதம் நான்கிலிருந்து இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. மங்கா நிறங்களுக்கும் இதே கதிதான். ஒளிப்படலம் எல்லாவற்றையும் ஒருசேரப் பெருக்குவதால், இருட்டறையில் ஒளிர்ந்த பலகைகளும் இருண்டுபோயின. நீருக்குள் மூழ்கும்போது திரை முழுவதும் அலைபோல் நெளியும் காட்சியும் இப்பதிப்பில் இல்லை.

‘பழைய படம் கரடுமுரடானது, புதிய படம் வழவழப்பானது, எனவே புதியதே மேல்’ என்பாரின் கூற்றை இங்கே சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டியுள்ளது. நிழலையும் ஒளியையும் வைத்தே அச்சத்தை எழுப்பும் ஓர் ஆட்டத்தில், ஒளியின் வீச்சைப் பாதியாக்கியது முன்னேற்றமாகாது.

இன்று ஏன் இயங்குவதில்லை?

ஜிஎல்-குவேக் தொடங்கும்போது, ‘உனக்கு என்னென்ன கூடுதல் திறன்கள் உண்டு?’ என்று அட்டையின் டிரைவர் நிரலைக் கேட்கிறது. வரும் பட்டியலை அப்படியே எழுதிக் காட்டவும் முயல்கிறது. அதற்காக அது ஒதுக்கிய இடம் 4096 எழுத்துகள். 1997-இல் அப்பட்டியல் மிகச் சிறியது. இன்றைய டிரைவர்கள் தரும் பட்டியலோ அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. படிக்குள் மரக்கால் நெல்லைக் கொட்டினால் என்ன ஆகும்? பட்டியல் வழிந்து, அருகிலுள்ள நினைவகத்தைச் சிதைக்கிறது; ஆட்டம் நின்றுவிடுகிறது. அட்டையின் திறன் பெருகியதே ஆட்டம் நிற்பதற்குக் காரணமாவது விந்தை.

திரை அளவுகளின் பட்டியலுக்கும் இவ்வாறே 30 இடங்கள்தாம் ஒதுக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, திரை அளவை மாற்றும் வசதி ஆட்டத்தின் தேர்வுப் பக்கத்தில் இல்லை. நிரலை இயக்கும்போதே கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று அப்பக்கம் அறிவித்தது.

இவற்றையெல்லாம் கடந்து அகலத் திரையில் ஆட்டத்தை இயக்கினாலும் மற்றொரு குறை தலைகாட்டுகிறது. குவேக்கில் கிடைமட்டப் பார்வைக்கோணம் 90 பாகை. 4:3 விகிதமுள்ள பழைய திரை முழுவதும் காட்சி நிரம்பினால், மேல்கீழ்க் கோணம் ஏறத்தாழ 74 பாகையாகும். 16:9 திரையில் கிடைமட்டக் கோணம் மாறாமல் நிற்பதால், மேல்கீழ்க் கோணம் 59 பாகையாகக் குறைந்துவிடுகிறது. திரை அகன்றும் காட்சி குறுகுகிறது! பழைய உயரம் குறையாமலிருக்க வேண்டுமானால் கிடைமட்டக் கோணத்தை ஏறத்தாழ 106 பாகையாக்க வேண்டும். முக்கோணவியல் பயின்ற மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மூன்று வழிகள்

முதல் வழி, இடைநின்று மொழிபெயர்க்கும் நிரல்கள். டிஜி-வூடு, என்-கிளைடு போன்றவை இவ்வகையின. வூடு அட்டைகளுக்கு உரிய கிளைடு என்னும் கட்டளை மொழியை இன்றைய அட்டைகள் அறியா. அவ்வட்டைகளைச் செய்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனமே 2000-ஆம் ஆண்டின் இறுதியில் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்க முடிவு செய்தது. இந்நிரல்கள் பழைய கட்டளையைக் கேட்டு, புதிய அட்டைக்குப் புரியும்படி மாற்றித் தருகின்றன. மூல நிரல் கிடைக்காத ஆட்டங்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வகையில் இவை செய்யும் தொண்டு பெரிது. ஆயினும் மொழிபெயர்ப்பாளன் மூலத்திலுள்ள பிழையையும் சேர்த்தே மொழிபெயர்க்கிறான். வெட்டப்பட்ட ஒளி வெட்டப்பட்டதாகவே நிற்கும்.

இரண்டாவது வழி, மூல நிரலைத் திருத்துவது. இட் சாஃப்ட்வேர் 1999-ஆம் ஆண்டு டிசம்பரில் குவேக்கின் மூல நிரலைப் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. படங்களும் ஒலிகளும் இதில் அடங்கா; நிரல் மட்டுமே. அதிலிருந்து கிளைத்தவற்றுள் ஃபிட்ஸ்-குவேக்கும், அதன் வழிவந்த குவேக்ஸ்பாஸமும் குறிப்பிடத்தக்கவை. இவற்றில் மேலொளியும் மங்கா நிறங்களும் மீண்டும் வந்துள்ளன. ஒளிப்படலத்தைப் பாதி மதிப்பில் சேமித்து, பெருக்கிய பின் விடையை இரட்டிப்பதே இதிலுள்ள உத்தி. திரையின் அகலத்திற்கேற்பப் பார்வைக்கோணமும் தானே சரிசெய்துகொள்கிறது. ‘அயர்ன்வெயில்’ என்னும் மற்றொரு கிளை, அட்டையைக் கொண்டே அந்த 256 நிறத் தோற்றத்தை உண்டாக்கவும் தேர்வு தருகிறது.

இவற்றிலும் குறையுண்டு. தேர்வுகள் ஏராளம், அவற்றுள் சில கட்டளையாகத் தட்டச்சு செய்தால் மட்டுமே கிடைப்பவை. எது 1996-இன் நிலை, எது 1997-இன் நிலை, எது பின்னாளில் சேர்த்தது என்பதைப் புதிதாக வரும் ஒருவர் எங்ஙனம் அறிவார்? குவேக்ஸ்பாஸம் முதன்முதலில் திறக்கும்போது சுவர்களை வழவழப்பாகவே காட்டுகிறது. மூலத்தைக் கண்டிராதவர் அதையே மூலம் என்று எண்ணிவிடக் கூடும்.

மூன்றாவது வழி, அதிகாரபூர்வமான மறுவெளியீடு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் நிறுவனத்தார் உருவாக்கிய பதிப்பு வெளிவந்தது. அகலத் திரை, மெருகேற்றிய உருவங்கள், வண்ண ஒளி, அசையும் நிழல் எனப் பல வசதிகள் இதில் உண்டு. வாங்கியவுடன் இயங்குகிறது, தேர்வுப் பக்கமும் எளிமையானது. புதியவர்களுக்கு இதுவே வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதனை இயக்கும் கெக்ஸ் என்னும் பொறியின் நிரல் பொதுவில் இல்லை. இன்னும் இருபது ஆண்டுகளில் அட்டைகளும் டிரைவர்களும் மாறும்போது, இப்பதிப்பும் பழைய ஜிஎல்-குவேக்கைப் போல நின்றுபோனால் அதனைத் திருத்தும் உரிமை பிறருக்கு இராது.

நம் தீர்ப்பு

பழைய ஆட்டத்தை மீட்பவர் ஒவ்வொரு தேர்விலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தத் தோற்றம் அன்றைய பொறியின் இயலாமையால் வந்ததா, அன்றி ஆக்கியோர் விரும்பி அமைத்ததா? குறைந்த நுணுக்கம் இயலாமையால் வந்தது. வேகமான பொறி வைத்திருந்தவர் அதைக் கூட்டிக்கொள்ள மூலத்திலேயே இடமிருந்தது. எனவே இன்று அதை உயர்த்துவதில் தவறில்லை. தீப்பந்தத்தின் ஒளியோ, ஆக்கியோர் திரையைப் பார்த்துப் பார்த்து அமைத்த ஒன்று. அதைக் குறைப்பது படைப்பையே மாற்றுவதாகும். சுவர்களை வழவழப்பாக்குவதில் மட்டும் இரு கருத்துகளுக்கு இடமுண்டு. அதை ஆடுபவரின் விருப்பத்திற்கு விட்டுவிடலாம்.

இந்த அளவுகோலால் அளந்தால், மூல நிரலிலிருந்து கிளைத்த பதிப்புகளே முதலிடம் பெறுகின்றன. அவற்றை ஆக்கியவர்கள் பிழை எங்கிருக்கிறது என்று நிரலையே திறந்து பார்க்க முடிந்தது. 1997-இல் இழந்த ஒளியை அதனால்தான் மீட்க முடிந்தது. குவேக்கிற்குக் கிட்டிய இந்த நல்வாய்ப்பு எல்லாப் பழைய ஆட்டங்களுக்கும் கிட்டவில்லை. விற்பனை ஓய்ந்த ஆட்டங்களின் மூல நிரலை வெளியிடுவது நிறுவனங்களுக்குப் பெரிய இழப்பாகாது. வெளியிடாமல் விட்டால் அவ்வாட்டங்களின் உண்மைத் தோற்றம் நமக்குப் பின்வருவோருக்குக் கிட்டாமலே போகும்.

திருத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தேர்வின் அருகிலும் ‘மூலத்தில் இருந்தது’, ‘பின்னர் சேர்த்தது’ என்று இரு சொற்களில் குறித்து வைத்தால் போதும். பார்ப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதை அறிந்து பார்ப்பார்.

குவேக்கின் முதற்பகுதியை, மாற்றாமல் பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையுடன் அக்காலத்திலேயே வெளியிட்டார்கள். ஆர்வமுள்ள மாணவர்கள் அதனைக் குவேக்ஸ்பாஸத்தில் இயக்கி, ஒரு தீப்பந்தத்தின் அருகே நின்று, மேலொளித் தேர்வை ஒருமுறை அணைத்தும் ஒருமுறை ஏற்றியும் பார்க்கட்டும். இரண்டு எண்களின் பெருக்கலில் எவ்வளவு வெளிச்சம் மறைந்திருந்தது என்பதை அவர்கள் கண்களே சொல்லும்.