மண்டைக்குள்ளே வெளிச்சம் போகுதுங்க!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நடுநிலை எல்லாம் கிடைக்காது. என் நெற்றிக்குள் வெளிச்சத்தை விட்டு, மூளையில் ரத்தம் ஏறி இறங்குவதை லேப்டாப்பில் கோடாக ஓடவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் நான். அன்றிலிருந்து கேண்டீன், ஷிப்ட் பஸ், சலூன் என்று எங்கே யார் சிக்கினாலும் இதே பேச்சுதான். வீட்டில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான், வந்து உட்காருங்கள்.

கரண்ட் போன நேரத்தில் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பார்த்திருப்பீர்களே, விரலெல்லாம் சிவப்பாக ஜொலிக்குமே! பச்சையும் நீலமும் சதைக்குள்ளேயே மாட்டிக்கொள்ள, சிவப்பு மட்டும் தப்பித்து வருகிறது. அந்தச் சிவப்பையும் தாண்டினால், 700 முதல் 900 நானோமீட்டர் வரை ஒரு ஒளி இருக்கிறது. அதற்குச் சதை என்ன, எலும்பே வழிவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் 'சயன்ஸ்' இதழில் இதை எழுதினார். அவருக்குப் பொறி தட்டியது எங்கே தெரியுமா? வீட்டுச் சாப்பாட்டு மேசையில்! மாட்டின் தோள்பட்டை எலும்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது சிவப்பு ஊடுருவி வந்திருக்கிறது. எலும்பைத் தாண்டும் என்றால் மண்டை ஓட்டையும் தாண்டுமே! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

கொரோனா காலத்தில் ஆளாளுக்கு விரலில் மாட்டிக்கொண்டு அலைந்தோமே ஆக்சிமீட்டர், ஜப்பானின் தகுவோ அயோயகி 1974இல் கொடுத்த யோசனை, அதன் உறவுக்காரன்தான் இந்த முறை. ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் விதம் வேறு, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் உறிஞ்சும் விதம் வேறு. இரண்டு அலைநீளத்தில் ஒளி அடித்து, திரும்பி வருவதை அளந்தால் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். உடல் எடையில் மூளை இரண்டு சதவீதம்தான், ஆனால் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுதான் இழுக்கிறது. எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் பாயும். அந்தப் பாய்ச்சலைத்தான் பிடிக்கிறார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒரகடம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில், சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒட்டுகிற எஸ்.எம்.டி லைனில் தர ஆய்வு பார்க்கிறவன் நான். அரிசிமணி அளவு எல்.இ.டியும், ஒளியை உணர்கிற போட்டோடையோடும் நாள் முழுக்கக் கண்ணெதிரே ஓடும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் கண்காட்சி, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், போனேன். பயோமெடிக்கல் பிள்ளைகளின் மேசையில் வெல்க்ரோ ஒட்டிய கறுப்புப் பட்டை ஒன்று கிடந்தது. திருப்பிப் பார்த்தால், ஸ்பாஞ்சுக்கு நடுவே 760, 850 நானோமீட்டர் எல்.இ.டிகள், சரியாக மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு போட்டோடையோடு. அட, நம்ம ஆளுங்க! லைனில் ரீல் ரீலாக ஏற்றுகிற அதே சாமான்! 850 கண்ணுக்குத் தெரியாது, டி.வி ரிமோட்டைச் சோதிக்கிற மாதிரி போன் கேமராவைக் காட்டினேன், திரையில் ஊதாவாக மினுக்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

"அண்ணா, நெத்தியைச் சுருக்காதீங்க, ஆடாதீங்க, அ, இ, உ, எ, ஒ-ன்னு மெதுவா சொல்லிட்டே இருங்க" என்றது, பட்டையை என் நெற்றியில் கட்டிவிட்ட பொண்ணு. சொன்னேன். திரையில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குச் சிவப்பு, இறக்கிவிட்டதற்கு நீலம் என்று இரண்டு கோடுகள் சும்மா நெளிந்துகொண்டிருந்தன. "இப்போ 'ப'வில் ஆரம்பிக்கிற சொல்லா சொல்லுங்க, இருபது செகண்ட்!" என்று திடீரென்று விட்டாள் பாருங்கள், பால், பல், பரோட்டா, அதற்கப்புறம் மண்டை காலி, ஷிப்ட் பஸ் போகிற ஊர்களாக எடுத்து விட்டேன், படப்பை, பண்ருட்டி, பல்லாவரம், ஊர்ப்பெயர் செல்லாது அண்ணா என்கிறாள், நான் திணறுகிறேன், திணறத் திணற, கற்பனை பண்ணிப் பாருங்கள், நாலைந்து நொடி கழித்து அந்தச் சிவப்புக் கோடு மெல்லத் தலையைத் தூக்குகிறது, நீலக் கோடு கீழே வழுக்குகிறது, சிவப்பு இன்னும் ஏறுகிறது, அது நான், நான் சொல் தேடுவதுதான் அங்கே கோடாக ஏறிக்கொண்டிருக்கிறது, கத்தியில்லை ஊசியில்லை மருந்தில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் செருப்புக் காலோடு உட்கார்ந்திருக்கிற என் மூளையின் முன்பக்கம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டிருக்கிறது, நான் வெட்கமே இல்லாமல் "ஏறுது ஏறுது" என்று கத்திவிட்டேன், நெற்றி சுருங்கி சிக்னல் கெட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார்கள்.

இதே பரீட்சையைத்தான் ஜப்பானில் மனநோய்க்கு வைக்கிறார்கள்! அங்கும் முன்னேயும் பின்னேயும் அ, இ, உ, எ, ஒ. நடுவில் 60 நொடி, மூன்று எழுத்துகள், எழுத்துக்கு 20 நொடி. தலையில் 52 சேனல் மாட்டுகிறார்கள். குன்மா பல்கலைக்கழகத்தின் மசாடோ ஃபுகுதா குழு பல ஆண்டு இதில் உழைத்தது. 2009இல் அரசு இதை மேம்பட்ட மருத்துவத் தொழில்நுட்பமாக ஏற்றது, 2014இல் காப்பீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. எதற்கு இவ்வளவு பாடு என்கிறீர்களா? சோர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இருப்பது வெறும் மனச்சோர்வா, சோர்வும் மிகையுற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயா, மனச்சிதைவின் தொடக்கமா என்று பேச்சை மட்டும் வைத்துப் பிரிப்பது பெரிய டாக்டர்களுக்கே கஷ்டம். தப்பிப்போய் இருதுருவ நோய்க்காரருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கம் எகிறிவிடும் ஆபத்து உண்டு. கோடு இங்கேதான் கைகொடுக்கிறது. பொதுவாக, மனச்சோர்வில் கோடு சீக்கிரமே ஏறும், ஆனால் குட்டையாக நின்றுவிடும். இருதுருவத்தில் தாமதமாக ஏறும். மனச்சிதைவில் வேலை முடிந்து ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் சம்பந்தமில்லாமல் மறுபடி தலை தூக்கும். ஏழு மருத்துவமனைகளில் 673 நோயாளிகளையும் 1,007 ஆரோக்கியமானவர்களையும் வைத்துப் பார்த்து 2014இல் முடிவு வெளியிட்டார்கள்: மனச்சோர்வுக்காரர்களில் 74.6 சதவீதம் பேரையும், மற்ற இரண்டு நோய்க்காரர்களில் 85.5 சதவீதம் பேரையும் கோடு சரியாகப் பிரித்தது. படித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தேன்.

நம் ஊரில் என்ன சொல்வோம்? "எல்லாம் பிரமை", "வேலையில்லாம யோசிச்சா இப்படித்தான்." மிஞ்சினால் "கீழ்ப்பாக்கம் போக வேண்டியதுதான்" என்று ஒரு நக்கல், 1794இலிருந்து இருக்கிற மனநல மருத்துவமனை, அதை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அங்கே கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர், 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு ஒரு நோய், வைத்தியம் உண்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிரமை என்று வாதாடுகிற மாமாவுக்கு முன்னால் இந்தக் கோட்டை வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒளி மூளையின் மேற்பரப்பை மட்டும்தான் தொடும், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே இருட்டு. தோலில் ஓடுகிற ரத்தமும் கணக்கில் கலந்துவிடும். அடர்ந்த கறுப்பு முடி ஒளியைத் தின்னும். நோய் எது என்று சொல்வது டாக்டர்தான், கோடு அவருக்கு ஒத்தாசை, அவ்வளவே. ஆனால் முடி மறைக்காத நெற்றிக்கு நேர் பின்னால்தானே மனநோய்க்காரர்களிடம் தடுமாறுகிற மூளையின் முன்பக்கம் இருக்கிறது! இந்த வசதியை யார் பண்ணிக் கொடுத்தது சொல்லுங்கள்! எம்.ஆர்.ஐ குழாய்க்குள் டமடம சத்தத்தில் அசையாமல் படு என்று பதற்றத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்ல முடியுமா? இது உட்கார்ந்தபடி, பேசியபடி, மகள் பக்கத்தில் கையைப் பிடித்திருக்க, பார்க்கலாம். பையில் போட்டுத் தூக்கிப் போகலாம். உத்தரப் பிரதேசத்தின் சிவ்கர் கிராமங்களில் கைக்குழந்தைகளின் தலையிலேயே தொப்பி மாட்டி, வறுமை அந்த மூளையை என்ன செய்கிறது என்று பார்த்த ஆய்வு 2019இல் வந்தது.

கிராமத்துக்குப் போனது இங்கே வராதா? ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து நைட் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள். தூக்கம் கெட்டு, மனசு பாரமாகி, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தெருமுனை கிளினிக்கில் டாக்டரும் இருந்து, பட்டையும் இருந்தால்! சாமானும் நம்மிடமே இருக்கிறது. மத்திய அரசு 2021இல் நான்கு மாநிலங்களுக்கு ஒப்புதல் கொடுத்த மருத்துவக் கருவிப் பூங்காக்களில் ஒன்று இதே ஒரகடத்துக்குத்தான். கார் செய்கிறோம், போன் செய்கிறோம், இதைச் செய்ய மாட்டோமா?

அந்தப் பிள்ளைகள் அடுத்ததாக நெற்றி முழுக்க எட்டு சேனல் வைக்கப் போகிறார்களாம். போட்டோடையோடு எங்கே மலிவாகக் கிடைக்கும், சாலிடர் பார்க்க யாராவது வருவார்களா என்று போனில் கேட்டாள் அந்தப் பொண்ணு. யாராவதா? லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: முதல் மண்டை என்னுடையது. இந்த முறை கத்தமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கச் சொல்கிறாள், அதை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.