கண்மாய்க் கோப்பை

மதுரையைச் சுற்றி எந்த ஊரில் கிரிக்கெட் நோட்டீஸ் அடித்தாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: நடுவரின் தீர்ப்பே இறுதியானது. அதற்கு மேலே ரொக்கம் கொடுப்பவர், கோப்பை கொடுப்பவர், சில ஊர்களில் ஆட்டுக்கிடாய் கொடுப்பவர் பெயர்கள். உச்சியில், யாருடைய நினைவாகப் போட்டி நடக்கிறதோ அவருடைய மாலை போட்ட படம். என் கண் முதலில் தேடுவது நடுவில் சின்ன எழுத்தில் இருக்கும் விதிகளை. ஆட்டத்துக்கு எட்டு ஓவர். எறி பந்துக்கு இடமில்லை. எல்பிடபிள்யூ கிடையாது. இந்த மூன்றாவது விதியில்தான் ஆட்டத்தின் ருசியே இருக்கிறது என்று சொன்னால் கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிக்ஸர் பார்க்க வருகிறவர்கள்.

முதலில் தரையைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நிறைந்த கண்மாய் பங்குனி, சித்திரையில் வற்றி, வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். உள்ளூர்ப் பையன்கள் மேடாக ஓர் இடம் பார்த்து, வெடிப்புகளில் மண் போட்டு, சாயங்காலம் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவார்கள். நான்கைந்து நாளில் பிட்ச் ஓட்டுத்தரை மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் கரை, மற்ற பக்கங்களில் சீமைக்கருவேலம். அந்த முள்ளுக்குள் போன பந்து திரும்பி வந்தாலும் காற்றுப் போய்த்தான் வரும். பழசுக்குப் புதுப்பந்து வாங்குவதா, அதே அளவு தேய்ந்த பந்து வாங்குவதா என்று கேப்டன்கள் இரண்டு பேரும் நிற்கும் நேரத்தில் இன்னொரு ஓவர் போட்டிருக்கலாம்.

கண்மாய் மட்டும் இல்லை. வைகையில் மணல் தெரிகிற மாதங்களில் பாலங்களுக்குக் கீழே நான்கைந்து ஆட்டம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நடக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையைத் திறந்தால்தான் ஸ்டம்பைப் பிடுங்குவார்கள். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்த வருஷங்களில், மைய மண்டபத்தைச் சுற்றி ஆடாத கிழக்கு மதுரைக்காரர் குறைவு. சுற்றிலும் கல்படி, அதைவிட நல்ல கேலரி இன்றைக்கும் எந்த ஸ்டேடியத்திலும் கிடையாது. இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது, தைப்பூசத் தெப்பமும் தண்ணீரில் ஓடுகிறது. சந்தோஷம்தான். ஆட்டக்காரர்கள் வேறு பள்ளம் தேடிப் போனார்கள்.

அடுத்தது பந்து. தோல் பந்து சுமார் 160 கிராம். சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. கிரிக்கெட்டுக்கென்றே வரும் கனமான டென்னிஸ் பந்துகள் இரண்டுக்கும் நடுவில். இலேசான பந்து கையை விட்டதும் காற்றிலேயே வேகத்தை இழக்கும், இறுகிய வண்டலில் குத்தினால் இடுப்புக்கு மேல் எழும்பும். ஆகவே டெஸ்ட் ஆட்டத்தில் நல்ல லெங்த் என்று பாராட்டுகிற இடத்தில் இங்கே போட்டால் பந்து கரைக்கு அந்தப் பக்கம்தான். பவுலருக்கு மிஞ்சுவது இரண்டே இடம்: ஒன்று பேட்ஸ்மேனின் கால் விரல், இல்லையென்றால் நெஞ்சு.

எல்பிடபிள்யூ இல்லாத விதி இங்கேதான் வேலை செய்கிறது. காலில் பட்டால் அவுட் இல்லை என்று தெரிந்த பேட்ஸ்மேன் மூன்று ஸ்டம்பையும் மறைத்துக்கொண்டு நிற்பான். பேடு கிடையாது, லுங்கியை மடித்துக் கட்டியவன்கூட உண்டு. கடைசி ஓவரில் ஒன்பது ரன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தில் அவன் இன்னும் அரை அடி ஆஃப் பக்கம் நகர்ந்து, லெக் பக்கம் தூக்க இடம் பண்ணிக்கொள்கிறான். பவுலர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒன்று போட்டு ஒரு ரன் கொடுக்கிறான். கூட்டம் திட்டுகிறது. மிட் ஆஃபில் நிற்கிற கேப்டன் மட்டும், “விடு மாப்ள, நகரட்டும்” என்கிறான். நான் ஸ்ட்ரைக்கர் ஒரு ரன் எடுக்க, நம்மாள் திரும்பவும் இந்த முனைக்கு வருகிறான். இந்தத் தடவை முக்கால் அடி நகர்கிறான். லெக் ஸ்டம்பு பின்னால் அநாதையாக நிற்கிறது. அடுத்த பந்து அவன் குதிகாலை உரசினாற்போல் பின்னால் போய் அதைப் பெயர்க்கிறது. கண்மாய்க் கிரிக்கெட்டில் இதற்கு மேல் அழகு எதுவும் இல்லை என்பது என் கட்சி. அம்பயரின் கை உயர வேண்டியதே இல்லை. ஸ்டம்பு விழுந்தால் தகராறும் இல்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர். டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக யார்க்கர் போட்டுப் பழகிய கை, 2020 ஐபிஎல் எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்கு ஆடினார். அந்த டிவில்லியர்ஸ் பந்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு நகர்ந்து நிற்கிற லுங்கிக்காரன்தான் ஞாபகம் வருவான்.

சுழலுக்கும் இதே கதை. தோல் பந்தில் தையலைப் பிடித்துச் சுழற்றலாம். தையல் இல்லாத பந்தை விரலால்தான் ஏமாற்ற வேண்டும். நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பந்தை நசுக்கிச் சுண்டிவிட்டால் கை சொல்வது ஒன்று, பந்து போவது ஒன்று. சென்னைத் தெருக்களில் சொடுக்குப் பந்து என்று ஓடிக்கொண்டிருந்ததைத்தான் அஸ்வின் தேற்றித் தோல் பந்துக்குக் கொண்டுபோனார். வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்து வேலைக்குப் போய், டென்னிஸ் பந்து ஆட்டம் வழியாகத் திரும்பி வந்தவர். 2018இல் டிஎன்பிஎல் கோப்பையை வென்ற மதுரை பேந்தர்ஸ் அணியின் பவுலர்களில் அவரும் ஒருவர். அந்த டிசம்பரிலேயே ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி ரூபாய்க்குப் போனார். 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். அவர் கையைப் படிக்க முடியவில்லை என்று பெரிய பேட்ஸ்மேன்கள் திணறினால், நம்மூர் எட்டாவது ஆட்டக்காரனுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

பேட்டிங்கை நான் மட்டம் தட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு லெக் பக்கம் சுற்றுகிற பத்துப் பேருக்கு நடுவில், பவுலர் தலைக்கு மேல் நேராகத் தூக்குகிற ஒருவன் எந்த அணியிலும் இருப்பான். இலேசான பந்தைப் பலத்தால் மட்டும் அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது. பேட்டின் நடுவில் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் வருகிற சத்தமே வேறு. ‘லப்பர் பந்து’ (2024) படம் ஓடியதற்கு, இப்படி ஒரு பேட்ஸ்மேனையும் அவன் பலவீனத்தைப் படித்துவைத்திருக்கும் ஒரு பவுலரையும் எதிரெதிரே நிறுத்தியதுதான் காரணம் என்பேன்.

கெடுப்பது ஒலிபெருக்கி. “பந்தைப் பார்க்கவில்லை ஐயா, பவுலரைத்தான் பார்த்தார்” என்று நல்ல வர்ணனை சொல்கிறவர்கள் உண்டு. பாதி நேரம் நன்கொடையாளர் பெயரும் சினிமாப் பாட்டும்தான். நான்கு ஓவர் ஆட்டமும் எனக்குச் சரிப்படாது. நகர்வதற்கும் நகர்கிறவனைப் பார்த்துவைப்பதற்கும் அதில் நேரம் இல்லை. சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுத்துவிடலாம்.

மாவட்டக் கிரிக்கெட் சங்கத்து லீக் ஆட்டங்களில் வெள்ளை உடை, தோல் பந்து, முறையான அம்பயர். சிந்தாமணிப் பக்கம் 2025 அக்டோபரில் தோனி திறந்துவைத்த மைதானத்தில் புல்லும் விளக்கும் உண்டு. போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்தால், அலங்காநல்லூர்ப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். பந்தல் துணி தெரிந்தால் இறங்கிவிடலாம். ஸ்பீக்கர் கட்டிய பக்கம் வேண்டாம். நேராகக் கீப்பருக்குப் பின்னால், கரைமேல் நில்லுங்கள். அங்கே நின்றால்தான் பேட்ஸ்மேனின் குதிகால் நகர்வது தெரியும். பந்தும் அந்தப் பக்கம்தான் பறந்து வரும், தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.