கூடக் கொடுக்கும் காசு

அவிநாசிக் கடைத்தெருவுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு டெலிவிஷன் வாங்கப் போனேன். 43 அங்குலத்தில் இரண்டு பெட்டிகள். புது மாடலுக்கு ஒன்றரை மடங்கு விலை.

"இதையே எடுத்துக்குங்க, படம் தண்ணியாட்ட ஓடுமுங்க" என்றார் கடைக்காரர்.

ஓடியது வாஸ்தவம்தான். 1968இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'தில்லானா மோகனாம்பா'ளைப் போடச் சொன்னேன். சிவாஜி கணேசனின் முகத்தில் அப்படியொரு வழவழப்பு! சினிமா வினாடிக்கு 24 படம். புதுப் பெட்டி காட்டுவதோ 120. இரண்டு படங்களுக்கு நடுவே நாலு படங்களைத் தானே கற்பனை செய்து செருகிவிடுகிறது. என் கதையில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பத்திரிகை ஆசிரியர் நாலு வாக்கியம் எழுதிச் சேர்த்தால் நான் சும்மா இருப்பேனா? இந்தச் சேஷ்டையை நிறுத்தி வைக்கலாமாம். நிறுத்தி வைப்பதற்கா கூடக் காசு?

புள்ளிகளும் நாலு மடங்கு. 20 லட்சத்துக்குப் பதில் 83 லட்சம். ஆனால் அந்த அளவுப் பெட்டியைப் பத்தடி தள்ளிப் பார்த்தால், நல்ல கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது.

அம்மாவின் கவலை வேறு. "நாயனச் சத்தம் ஏன் சாமி தகரமாட்ட இருக்குது?" என்றாள். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு அது! கோயில் திருவிழாவில் நேரில் கேட்டு வளர்ந்த காது, ஏமாறவில்லை. பெட்டி மெலிய மெலிய உள்ளே ஒலிபெருக்கிக்கு இடம் குறைந்துவிட்டது. இரண்டு மாடலுக்கும் அதே கதி.

பழைய மாடலையே எடுத்தேன். மிச்சப் பணத்தில் ஒரு ஜோடி ஒலிபெருக்கி. நாயனம் வாசிக்கும் இடத்தை அம்மா மூன்று தரம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டாள். வயரைச் சுவரோரம் ஒதுக்குவதுதான் பாக்கி.