உப்புக் காற்றில் எல்இடி

60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஓடிவிடும். ஏறக்குறைய அதே வெளிச்சத்துக்கு 14 வாட் சிஎஃப்எல் 4.2 யூனிட் இழுக்கும். 9 வாட் எல்இடிக்கு 2.7 யூனிட் போதும். குண்டு பல்பில் பெரும்பகுதி மின்சாரம் சூடாகவே வீணாகிறது. சிஎஃப்எல்லில் பாதரசம் இருக்கிறது. பாதரச மாசால் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டதை அறிந்தவர்கள் சிஎஃப்எல் வீட்டுக்குள் உடைவதை விரும்ப மாட்டார்கள். எல்இடிதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடலின் உப்புக் காற்று வீசும் தூத்துக்குடியில் கேட்க வேண்டியது, எல்இடி எத்தனை நாள் எரியும் என்பதுதான். அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். தினம் 5 மணி நேரம் என்றால் 13 வருடத்துக்கு மேல். திரேஸ்புரம் போன்ற கடலோரத் தெருவில் ஒரு ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பிடிமானம் தளர்ந்து உள்ளே பொறி பறக்கும். பல்பின் கழுத்துக்குள் இருந்து எல்இடிக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் ‘டிரைவர்’ சுற்றுக்கு அது ஆகாது. மூடிய கண்ணாடிக் கூண்டில் மாட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் டிரைவரின் கெபாசிட்டர் காய்ந்துபோகும். ஒளி தரும் சில்லு நன்றாகவே இருக்க, பல்பு குப்பைக்குப் போகிறது. விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் கைவைப்பதும் இந்த டிரைவரில்தான்.

குறைந்த விலையில் எல்இடி பல்பு வழங்க மத்திய அரசு 2015 ஜனவரி 5இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் சாதனையை மறுக்க முடியாது. 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குப் போயின. என் குறையெல்லாம் ஒன்றுதான்: கொடுத்த பல்புகளை வைத்தே மிச்சத்தைக் கணக்கிட்டார்கள். இன்னும் எரிகிற பல்புகளை எண்ணியிருக்க வேண்டும்.

ஏனென்றால் லாபமும் நஷ்டமும் ஒரே இடத்தில் விழுவதில்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் ஏழைக் குடும்பத்துக்கு எல்இடியால் பில்லில் ஒரு பைசாகூடக் குறையாது. மிச்சமெல்லாம் அரசின் மானியக் கணக்கில். பல்பு சீக்கிரம் போனால் புதிது வாங்கும் செலவு மட்டும் அந்தக் குடும்பத்தின் தலையில். ஊருக்கு லாபம் உண்டுதான். 210 மெகாவாட் அலகுகள் ஐந்தோடு எழுந்த அனல் மின்நிலையத்தின் நிலக்கரியும் சாம்பலும் தூத்துக்குடிக்கு அன்றாடப் பாடு; மின்தேவை குறைந்தால் அந்தப் பாடும் குறையும்.

அதனால் வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லூமன் எவ்வளவு, பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா, திடீர் மின்னழுத்த ஏற்றத்தை எத்தனை கிலோவோல்ட் வரை தாங்கும் என்று பாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்தி, உத்தரவாதக் காலத்துக்குள் போன பல்பைக் கடையில் கொடுத்து மாற்றுங்கள். களிம்பு ஏறிய ஹோல்டரையும் மாற்றிவிடுங்கள். விடிய விடிய எரியும் பழைய ‘ஜீரோ வாட்’ பல்பை முதலில் கழற்றுங்கள். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரை. தினம் 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 9 யூனிட், அதாவது மேலே சொன்ன 9 வாட் எல்இடியைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.