காணாமற்போன கணவன்

சில வருஷங்களுக்கு முன்பு, அமெரிக்காவின் பழைய குற்றப் படங்களைப் பற்றி ஒரு பத்திரிகைக்காக எழுதியபோது, 'உமன் ஆன் தி ரன்' என்ற 1950-ஆம் வருஷத்துப் படத்தை இரண்டே வரிகளில் தள்ளிவிட்டேன். கதையில் கோவை இல்லை, படப்பிடிப்பு மங்கல், கதாநாயகியின் மனமாற்றத்துக்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை - இதுதான் நான் சொன்ன தீர்ப்பு. யாரும் மறுத்து எழுதவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் இருந்தால்தானே மறுப்பதற்கு!

அந்தத் தீர்ப்பு தப்பு. எப்படித் தப்பாயிற்று என்பதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நான் பார்த்தது நடைபாதையில் வாங்கிய டிவிடி. ஒரே தட்டில் ஆறு படங்களை அடைத்திருந்தார்கள். பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி என்று எடுத்து எடுத்து, ராத்திரிக் காட்சிகள் எல்லாம் தார் பூசின சுவர் மாதிரி ஆகிவிட்டிருந்தன. அதுவோ முக்கால்வாசி ராத்திரியில் நடக்கும் படம். யார் பேசுகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் குரலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி சுவரைத் தாண்டி வந்தது. இந்த லட்சணத்தில் பார்த்துவிட்டு, 'படப்பிடிப்பு மங்கல்' என்று எழுதினேன்! படம் பிடித்தவர் ஹால் மோர். 'எ மிட்ஸம்மர் நைட்ஸ் ட்ரீம்' படத்துக்காக, நியமனப் பட்டியலில் பெயரே இல்லாமல், வாக்களித்தவர்கள் தாங்களாகவே பெயரை எழுதிப் போட்டதால் ஆஸ்கார் பரிசு பெற்ற ஒரே மனிதர். அவருக்கு விளக்குப் போடத் தெரியவில்லை என்று சொன்னவன் நான்!

பிறகு வெளியூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர், புதுப்பித்து 2016-இல் வெளியிட்ட ப்ளூரே தட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "இதையும் ஒரு தடவை பாருங்க ஸார். நீங்க எழுதினது வேற ஏதோ படத்தைப் பத்தின்னு நினைக்கிறேன்" என்றார். சிநேகிதர்கள் இப்படித்தான் நாசூக்காகக் குத்துவார்கள்.

கதை இதுதான். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம். ராத்திரி வேளையில் நாயை உலாவ அழைத்துக்கொண்டு போகிற ஃப்ராங்க் ஜான்ஸன் என்ற ஓவியன், ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான். கொலைகாரன் அவனையும் சுடுகிறான். ஆனால் குண்டு அவன் மேல் படவில்லை. சுவரில் விழுந்த அவன் நிழலைப் போய்த் தாக்குகிறது. போலீஸார் அவனைச் சாட்சியாகப் பாதுகாப்பில் வைக்கப் பார்க்கிறார்கள். அவன் பயந்து நழுவிவிடுகிறான். இன்ஸ்பெக்டர் அவன் வீட்டுக்குப் போய் மனைவியை விசாரிக்கிறார். மனைவி எலினார், நடித்தவர் ஆன் ஷெரிடன்.

என் மனசைப் பிடித்தது இந்த விசாரணைதான். கணவன் ஓடிவிட்டான் என்று கேட்டதும் அவள் பதறவில்லை. கொலைகாரனிடமிருந்து ஓடினானா, தன்னிடமிருந்து ஓடினானா என்று சந்தேகப்படுகிறவள் போலப் பேசுகிறாள். கேட்கிற கேள்விக்கெல்லாம் எகத்தாளமாகப் பதில். இன்ஸ்பெக்டர் சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்கிறார். நாய்க்கு வாங்கி வைத்த தீனியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் சமைத்து வெகுகாலம் ஆயிற்று என்பதை ஓர் அலமாரி சொல்லிவிடுகிறது. நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் செலவழித்திருப்பேன்.

கணவனுக்கு இருதயக் கோளாறு, மருந்து இல்லாமல் நாளைக் கடத்த முடியாது என்ற சமாசாரமே இந்த விசாரணையின் போதுதான் அவளுக்குத் தெரிகிறது. கட்டின மனைவிக்குத் தெரியாதது போலீஸுக்குத் தெரிகிறது. அவள் முகம் மாறுகிறது; ஆனால் கண்ணீர் கிண்ணீர் எதுவும் இல்லை. அவமானம்தான் தெரிகிறது. நானும் ஒரு வீட்டில் இருந்த மனுஷிதானே, இது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்கிற அவமானம்.

பிறகு மருந்தை எடுத்துக்கொண்டு அவள் கணவனைத் தேடிப் புறப்படுகிறாள். ஒரு பத்திரிகை நிருபர் கூடவே ஒட்டிக்கொள்கிறார். தேடுவது ஒரு மனிதனை. கிடைப்பதோ அவனைப் பற்றிய செய்திகள். அவன் ஜன்னல் அலங்காரம் செய்யும் துணிக்கடையில் ஒருவர் பேசுகிறார். சீனர்களின் பேட்டையில் ஆடிப் பிழைக்கிறவர்கள் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் வேறு ஒரு ஃப்ராங்க் ஜான்ஸன் இருக்கிறான். வீட்டில் வாய் திறக்காத ஆசாமி, வெளியிலே எல்லோரிடமும் தன் மனைவியின் பெருமையையே பேசியிருக்கிறான்! அவள் நினைத்திருந்தாள், தோற்றுப்போன மனிதன் தன்மேலும் அலுத்துவிட்டான் என்று. உண்மை நேர்விரோதம்.

துணிக்கடைக் காட்சியில் ஜன்னலில் நிறுத்தும் பொம்மைகள் வருகின்றன. அவன் உருவம் கொடுத்த பொம்மைகள். அவற்றின் முகம் எலினாரின் முகம்தான். வருஷக்கணக்காக அந்தக் கடையில் அவன் தன் மனைவியின் முகத்தையே திரும்பத் திரும்பச் செய்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறான். இதை அவள் பார்க்கிற இடம்தான் படத்தின் முதுகெலும்பு. என்னுடைய நடைபாதைத் தட்டில் அந்தப் பொம்மைகளுக்கு முகமே இல்லை. வெறும் வெள்ளைத் திட்டுகள். முகம் தெரியாவிட்டால் அவள் மனம் ஏன் மாறுகிறது என்பது எப்படித் தெரியும்? 'போதிய காரணம் காட்டப்படவில்லை' என்று எழுதினேனே, காரணம் காட்டப்பட்டுத்தான் இருந்தது. என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காட்சியை இரண்டாம் முறை பார்த்தபோது என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். படத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னாள். "நான் ஒரு நாள் காணாமப் போயிட்டா, போலீஸ்காரன் கேட்டா என்ன அடையாளம் சொல்லுவீங்க?" என்றாள். புடவை நிறம் சொல்லலாம் என்று யோசித்தேன். அன்றைக்கு அவள் என்ன நிறம் கட்டியிருந்தாள் என்று பார்க்க அவள் பக்கம் திரும்பினேன். அதுதான் நான் செய்த பிசகு.

கதையின் மூலம் ஸில்வியா டேட் என்ற எழுத்தாளரின் சிறுகதை. திரைக்கதை எழுதியவர்கள் இருவர்: டைரக்டர் நார்மன் ஃபாஸ்டர், ஆலன் காம்ப்பெல். இந்தக் காம்ப்பெல் யார் தெரியுமா? நாக்கில் கத்தி வைத்திருந்தவர் என்று பெயர் வாங்கிய டாரதி பார்க்கரின் கணவர். இருவரும் 1947-இல் விவாகரத்து செய்துகொண்டார்கள். 1950-இல், அதாவது இந்தப் படம் வந்த அதே வருஷத்தில், மறுபடியும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டார்கள்! ஆசிரியனின் சொந்த வாழ்க்கையைத் துருவி நூலுக்கு அர்த்தம் சொல்லுகிற வழக்கத்தை நான் ஆதரிக்கிறவன் அல்ல. ஆனாலும் எலினாரின் எகத்தாளத்தைக் கேட்கும்போது, இதை எழுதியவர் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மர்மக் கதை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. கொலைகாரன் யாரென்பதைக் கடைசி அத்தியாயம்வரை பொத்தி வைப்பது நம் வழக்கம். இதில் அப்படியில்லை. படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே நமக்கு அவன் யாரென்று காட்டிவிடுகிறார்கள். எலினாருக்கு மட்டும் தெரியாது. (இங்கே பெயர் சொல்லப் போவதில்லை, படத்தைப் பார்க்கிறவர்கள் என்னைச் சபிக்க வேண்டாம்.) அந்த நிமிஷத்திலிருந்து, அவள் கணவனை நெருங்க நெருங்க நமக்குப் பயம் அதிகமாகிறது. அவன் கடிதத்தில் தான் காத்திருக்கும் இடத்தைப் பூடகமாக எழுதியிருக்கிறான், அவர்கள் இருவருக்கும் மட்டுமே புரியக்கூடிய ஒரு பழைய ஞாபகத்தை வைத்து. அந்த ஞாபகத்தை அவள் தேடிப் பிடித்தால்தான் அவனைக் காப்பாற்றலாம். பிடித்துவிட்டாலோ கொலைகாரனுக்கு வழிகாட்டினவளும் அவளேதான். கல்யாணத்தின் ஞாபகமே கண்ணி. இந்த முடிச்சைப் போட்டவன் சாதாரணக் கதைக்காரன் அல்ல.

கடைசிக் கட்டம் ஒரு கடற்கரைப் பொருட்காட்சியில். உயரத்தில் ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டர் வண்டியில் எலினார் அகப்பட்டுக்கொள்கிறாள். கீழே கணவனும் கொலைகாரனும். அவள் கத்துகிறாள், அந்த வண்டியில் ஏறினவர்கள் எல்லோரும்தான் கத்துகிறார்கள், யார் லட்சியம் செய்வார்கள்? இந்த இடத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. நாயை வைத்து இன்ஸ்பெக்டர் செய்யும் வேடிக்கை ஒரு தடவைக்கு மேல் சிரிப்பூட்டாது. முடிவும் அவசர முடிவு. ஒருவரையொருவர் புதிதாகத் தெரிந்துகொண்ட கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிற நேரத்தில் படம் முடிந்துவிடுகிறது. எண்பது நிமிஷத்துக்கும் குறைவான படம். இன்னும் ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கலாம்.

அந்த ப்ளூரே தட்டு உருவான கதையும் ஒரு மர்மக் கதைதான். பட விநியோகஸ்தரான யூனிவர்ஸல் கம்பெனியின் கிடங்கில் கிடந்த ஒரு நல்ல பிரதியை, எடி முல்லர் என்ற எழுத்தாளர் 2003-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ விழாவில் திரையிட்டார். 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யூனிவர்ஸல் ஸ்டூடியோ வளாகம் தீப்பற்றி எரிந்தபோது அந்தப் பிரதியும் சாம்பலாயிற்று. அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைக்க வேண்டும். ஆனால் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சேமிப்பில் இதே படத்தின் சுருள்கள் இருந்தன. அவற்றை வைத்து, முல்லரின் ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷன் உதவியுடன், லாஸ் ஏஞ்ஜலிஸ் கலாசாலையின் திரைப்படக் காப்பகம் படத்தைத் திருத்தி எடுத்தது. லண்டன் அலமாரியில் அந்தச் சுருள்கள் இல்லாமல் போயிருந்தால், என் இரண்டு வரித் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாக நின்றிருக்கும். இதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருக்கிறது.

அதே வருஷம், அதே ஃபிளிக்கர் ஆலி கம்பெனி வெளியிட்ட இன்னொரு தட்டையும் சிநேகிதர் கொண்டுவந்திருந்தார்: 1949-இல் வந்த 'டூ லேட் ஃபார் டியர்ஸ்'. இதுவும் நடைபாதைத் தட்டுகளில் சீரழிந்த படம். 1955-இல் 'கில்லர் பெய்ட்' என்று பெயரையும் மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் கிடைத்த நெகடிவ்தான் இதைக் காப்பாற்றியது. கதையும் திரைக்கதையும் ராய் ஹக்கின்ஸ், பிற்பாடு 'தி ஃப்யுஜிடிவ்' என்ற தொலைக்காட்சித் தொடரைப் படைத்தவர்.

இதிலும் ஒரு கணவன், ஒரு மனைவி. ராத்திரி திறந்த காரில் போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே வந்த காரிலிருந்து யாரோ ஒரு பையை இவர்கள் காருக்குள் எறிந்துவிட்டுப் போகிறார்கள். ஆள் மாறாட்டம், பையில் அறுபதாயிரம் டாலர். போலீஸில் கொடுத்துவிடலாம் என்கிறான் கணவன். வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி ஜேன். லிஸபெத் ஸ்காட் நடித்த இந்த ஜேன், பசித்து வளர்ந்தவள் அல்ல, அதுதான் விசேஷம். அவள் வெறுப்பெல்லாம் நடுத்தர வர்க்கத்து வறுமையின்மேல். அதாவது சோறு இருக்கிறது, துணி இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சமமாக நிற்க எப்போதும் கொஞ்சம் குறைகிறது என்கிற வறுமை. அந்தக் கொஞ்சத்துக்காக அவள் கொலை செய்கிறாள். பணத்தைக் கேட்டு வருகிற முரடனாக டான் டுரியே. முதலில் அவளைக் கன்னத்தில் அறைகிற அந்த ஆசாமி, போகப் போக அவளைக் கண்டு நடுங்கிக் குடிக்க ஆரம்பிக்கிறான். முடிவைத் தணிக்கை விதிகள் தீர்மானித்திருக்கின்றன. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் குற்றவாளி தப்பித்துப் போவதாகக் காட்ட அனுமதி கிடையாது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஜேன் பேசின பேச்சு மனசில் தங்கிவிடுகிறது.

இந்தப் படத்தையும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். சக எழுத்தாளர் ஒருவர் கார் வாங்கிய செய்தியை அன்று காலை நான் வீட்டில் இரண்டு தடவை சொல்லியிருந்தேனாம். சாப்பாட்டின்போது என் மனைவி அதை ஞாபகப்படுத்தினாள். நான் கொஞ்சம் மோர் கேட்டேன்.