அட்டை ஒன்றானால் வரிசையும் ஒன்றாகுமா?

தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த ஊர் கோயம்புத்தூர். 1955 ஜனவரி 23ஆம் தேதி இங்கே தொடங்கிய பிறகுதான் அது சென்னைக்குப் போனது. மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிடப் போன நகரம் இது. தொழிலாளியின் சம்பளத்தில் கொஞ்சம், முதலாளியின் பணத்தில் கொஞ்சம் என்று சேர்த்து வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை எழுபது ஆண்டுகளாக இந்த ஊர் பழகியிருக்கிறது. 'மக்களுக்கு என்ன மருத்துவக் காப்பீடோ, அதுவேதான் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இருக்க வேண்டும்' என்ற கோரிக்கையை எடைபோட்டுப் பார்க்கக் கொங்கு மண்டலத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கோரிக்கை புதிதல்ல. "ஏனுங்க, நம்ம எம்.எல்.ஏ.வுக்கு நெஞ்சு வலின்னா இங்கயா வரப்போறாரு?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்.

முதலில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். நாடாளுமன்ற உறுப்பினர்கள், 1954இல் மத்திய அரசு ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்ட சி.ஜி.எச்.எஸ். திட்டத்துக்குள் வருகிறார்கள். சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் அரசியலமைப்பின் 195ஆவது பிரிவின்படி சட்டமன்றமே சட்டம் போட்டுத் தீர்மானித்துக்கொள்கிறது. மாநில அரசு ஊழியர்களுக்குத் தனிக் காப்பீடு உண்டு. 2021 ஜூலையில் அதற்கான மாதப் பிடித்தம் 300 ரூபாயாக இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்து, 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் பெயரும் உருவமும் மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் அது.

இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த வரம்பு 72,000தான். சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியமும் படிகளும் 2017 ஜூலையில் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தன. ஆண்டு முழுக்க ஒரு குடும்பம் எந்த வருமானத்தைத் தாண்டினால் அட்டை கிடையாது என்று அரசு கோடு போட்டிருக்கிறதோ, கிட்டத்தட்ட அந்தத் தொகை அந்தக் கோட்டைப் போட்டவருக்கு ஒரே மாதத்தில் வந்துவிடுகிறது. சம்பள உயர்வு தவறு என்று நான் சொல்லவில்லை. மாதம் பத்தாயிரத்தில் ஒரு குடும்பம் எப்படி ஓடும் என்பதை அனுபவித்து அறியாதவர்களின் கையில் அந்த வரம்பு இருக்கிறது என்பதே கவலை.

ஈ.எஸ்.ஐ.க்கும் ஒரு வரம்பு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. பல ஆண்டுகளாக அப்படியே நின்றது. அரிசி விலை நிற்கவில்லை, வாடகை நிற்கவில்லை. ஆக, 22,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பீளமேட்டு பம்ப் கம்பெனி சூப்பர்வைசர் ஈ.எஸ்.ஐ.யிலும் இல்லை, முதலமைச்சர் அட்டையிலும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பையன், ஈரோட்டு ஜவுளி மண்டியில் கணக்கெழுதுகிறவர் எல்லோரும் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றால் நகை அடகுக்குப் போகிறது. ஏழையும் இல்லை, தொழிலாளியும் இல்லை என்று இரண்டு பக்கமும் கைவிடப்பட்ட இவர்களுக்காகச் சட்டமன்றத்தில் உரத்த குரல் எழாததற்குக் காரணம், அந்தப் பள்ளத்தில் சட்டமன்ற உறுப்பினர் எவரும் விழ வாய்ப்பில்லை என்பது.

கோரிக்கையின் பலம் இங்கேதான் இருக்கிறது. வலி தெரிந்தவர் விதி செய்ய வேண்டும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான பேர் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கொடுக்கும் ஊர். அங்கே 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். திறந்தது 2024இல். அதுவரை பெரிய வைத்தியம் என்றால் டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கி, கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு பஸ் ஏற வேண்டும். ஓவர்லாக் மிஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு அது ஒரு நாள் கூலி போன கணக்கு. கூட ஒரு ஆள் வந்தால் இரண்டு கூலி. அந்த மருத்துவமனையைத்தான் தொகுதி எம்.பி.யின் குடும்பமும் நம்பியிருக்க வேண்டும் என்று இருந்திருந்தால், இவ்வளவு காலம் பிடித்திருக்குமா? பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

விதிகளின் நுணுக்கத்திலும் இந்தத் தூரம் தெரியும். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் பெற ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நோய் வந்த முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. ஆர்டர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சிங்கர் டெய்லருக்கு 78 நாள் பதிவு காட்டுவது எவ்வளவு பாடு என்பது அவரிடம் கேட்டால் தெரியும். காய்ச்சலில் படுத்தால் படி போய்விடுமோ என்று எண்ண வேண்டிய நிலையில் நம் பிரதிநிதிகள் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லோருக்கும் ஒரே அட்டை என்று சட்டம் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அமெரிக்காவில் இதைச் செய்தே பார்த்தார்கள். ஒபாமா காலத்தில் 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவர்களுடைய அலுவலக ஊழியர்களும் அந்தச் சட்டம் உருவாக்கும் காப்பீட்டுச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சேர்க்கக் காரணமாக இருந்தவர் குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி. 2014இல் அது நடைமுறைக்கு வந்தபோது என்ன ஆயிற்று? உறுப்பினர்கள் வாஷிங்டனின் சிறுதொழில் நிறுவனங்களுக்கான சந்தைக்குள் போனார்கள். பிரீமியத்தின் பெரும்பங்கை முன்புபோலவே அரசு கட்டியது. நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே அவர்களுக்கென்று இருக்கும் மருத்துவர் அலுவலகமும் இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. சாதாரணக் குடிமகன் சந்தையில் படும் பாடு அவர்களை எட்டவில்லை.

இங்கேயும் அதுதான் நடக்கும். காகிதத்தில் பார்த்தால் ஈ.எஸ்.ஐ. மோசமான திட்டமே அல்ல. காப்பீட்டாளருக்கும் குடும்பத்துக்கும் ஆகும் மருத்துவச் செலவுக்கு அதில் உச்சவரம்பு கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஐந்து லட்சம் என்ற வரம்பு இருக்கிறது, ஈ.எஸ்.ஐ.க்கு அதுவும் இல்லை. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு நாளை ஈ.எஸ்.ஐ. அட்டை கொடுத்தால் உரிமையில் அவர் எதையும் இழக்க மாட்டார். மற்றவர்கள் இழப்பதெல்லாம் டோக்கனில், மருந்துக் கவுன்டரில், 'ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலில், சீட்டு எழுதித் தரும் டாக்டர் இன்று லீவு என்ற செய்தியில். எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் டீன் வாசலுக்கு வந்துவிடுவார்; டோக்கன் எதற்கு? அட்டையைச் சட்டம் ஒன்றாக்கலாம். வரிசையை ஒன்றாக்கச் சட்டத்தால் முடியாது.

ஈரோட்டில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். 2011 ஜூனில் அப்போதைய ஆட்சியர் ஆர். ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டிய செயல்தான். அரசுப் பள்ளிமீது பெற்றோருக்கு மரியாதை வர அது உதவியிருக்கும். ஆனால் ஆட்சியர் மகள் படிக்கும் பள்ளிக் குழாயில் தண்ணீர் வந்தால் பவானியிலும் அந்தியூரிலும் உள்ள பள்ளிக் குழாய்களில் தானாக வந்துவிடாது. ஆட்சியருக்கு இடமாற்றமும் உண்டு. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தில் இதையே கட்டாயமாக்கப் பார்த்தது: அரசு ஊழியர்கள், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் ஆகியோரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யுமாறு தலைமைச் செயலருக்கு உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை.

நேரில் பட்டாலும் மனம் மாறும் என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனில் பிரதமர் முதல் பெயின்டர் வரை எல்லோருக்கும் ஒரே தேசிய மருத்துவச் சேவை. 2020 ஏப்ரலில் போரிஸ் ஜான்சன் கொரோனா தொற்றி, லண்டன் செயின்ட் தாமஸ் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் பிழைத்தார். தம்மைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு மனம் உருகி நன்றி சொன்னார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவருடைய அரசு அதே செவிலியர்களுக்குப் பரிந்துரைத்த ஊதிய உயர்வு ஒரு சதவீதம். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது மூன்றானது.

நம் பக்கத்து உதாரணம் 2023 ஜூன். கரூரைச் சேர்ந்தவரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான செந்தில் பாலாஜி, அமலாக்கத் துறை கைது செய்தபோது நெஞ்சு வலி ஏற்பட்டு, சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அரசு மருத்துவர்கள் ஆஞ்சியோ செய்து பைபாஸ் தேவை என்றார்கள். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி உயர் நீதிமன்றம் அனுமதிக்க, தனியார் மருத்துவமனையான காவேரிக்கு மாற்றப்பட்டு அங்கே அறுவை சிகிச்சை நடந்தது. ஓமந்தூரார் கட்டடம் 2010இல் புதிய சட்டமன்றமாகத் திறக்கப்பட்டது. சட்டமன்றம் அங்கே கூடியிருக்கிறது. 2014இல் அதையே மருத்துவமனையாக்கி, மாநிலத்தின் பெருமை என்றார்கள். அந்தப் பெருமையை ஓர் அமைச்சரின் குடும்பம் நம்பவில்லை என்று மக்கள் பேசிக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் மனிதரிடம், அவர் யாராக இருந்தாலும், 'உனக்கு இந்த ஆஸ்பத்திரிதான்' என்று சட்டம் சொல்லக் கூடாது. யாரை நம்பி உடம்பைக் கொடுப்பது என்பது நோயாளியின் உரிமை. அதைப் பறித்துக் கிடைக்கும் சமத்துவம் எனக்கு வேண்டாம்.

கொரோனாக் காலம் வேறொன்றைக் காட்டியது. 2020இல் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கோவைக்கும் சுற்று மாவட்டங்களுக்குமான கொரோனா மருத்துவமனையானது. அதுவரை அந்த வாசலை மிதித்திராத வீட்டுக்காரர்களும் அங்கே படுக்கைக்காகக் காத்திருந்தார்கள். 2021 மே இறுதியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கவச உடை அணிந்து அங்கே கொரோனா வார்டுக்குள்ளேயே போனார். எல்லா வர்க்கமும் ஒரே மருத்துவமனையைச் சார்ந்திருந்தபோது அரசின் கண்ணும் அங்கேயே இருந்தது. பிரதிநிதிகளை மட்டும் பிடித்து உள்ளே தள்ளியதால் வந்த கவனம் இல்லை அது. எல்லோரும் உள்ளே இருந்ததால் வந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. பிரதிநிதி எங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார் என்பதைச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டாம். அவருக்காகப் பொதுப்பணம் எவ்வளவு போகிறது என்பதைக் கட்டுப்படுத்தட்டும். காப்பீட்டு அட்டையுள்ள சூலூர் விவசாயக் கூலிக்கு ஒரு பைபாஸுக்கு என்ன பேக்கேஜ் தொகையை அரசு நிர்ணயித்திருக்கிறதோ, எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் அரசுப் பணத்திலிருந்து அந்தத் தொகைதான். மேலே ஆவதைச் சொந்தப் பணத்தில் கட்டிக்கொள்ளட்டும். அந்தத் தொகை போதாது என்றால், போதாது என்று சட்டமன்றத்தில் எழுந்து சொல்லட்டும். அப்போது எல்லோருக்கும் உயரும். வருமான வரம்பை நீக்கி எல்லோரையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவரும் வேலையும் கூடவே நடக்க வேண்டும். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியதே, அதன் வயது வரம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கட்டும். எத்தனை சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, எந்த மருத்துவமனையில், எவ்வளவு பொதுப்பணம் செலவானது என்ற மொத்தக் கணக்கை, நோயின் விவரம் இல்லாமல், ஆண்டுதோறும் அவையில் வைக்க வேண்டும்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வீதிக்கு வருகிறவரிடம், அரசு ஆஸ்பத்திரிக்கு வருவீர்களா என்று கேட்காதீர்கள். வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அரசு என்ன தொகை தருகிறதோ, அதற்கு மேல் உங்களுக்கும் வேண்டாம் என்ற சட்டத்துக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று கேளுங்கள்.